ஒரு ரூபாயில் ஒரு கோடு: சில்லறையைப் பற்றிச் சில கேள்விகள்

"அண்ணாச்சி, ஒரு ரூபாயில் சிங்கத் தலைக்கு மேலே கோடு ஒன்று ஓடுகிறது. அச்சுப் பிழையா, கீறலா?" (அம்பாசமுத்திரம்)

நகத்தை வைத்து மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மேட்டில் ஏறினால் நல்ல செய்தி, சேகரிப்பவர்கள் தேடும் பிழைதான்: நாணயச் சாலையில் அடிக்கும் அச்சு விரிசல் விட்டிருக்கிறது, அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து மேடாக எழுந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் வெறும் கீறல், சாவிக்கொத்தோடு பையில் கிடந்தாலே வந்துவிடும். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வயலில் வாய்க்கால் வெட்டினால் இரண்டு பக்கமும் மண் ஏறி நிற்குமே, அதே மாதிரி ஆழமான கீறலின் கரையில் உலோகம் தள்ளப்பட்டு நிற்கும், நகத்துக்கு அது மேடாகவே படும். லென்ஸ் வைத்தால் நடுவே பள்ளம் தெரிந்துவிடும்.

"குறுக்குத்துறையில் குளிக்கும்போது கிடைத்த 5 ரூபாய் செம்பாகச் சிவந்திருக்கிறது. செம்புத் தகட்டில் அடித்துவிட்டார்களா?" (திருநெல்வேலி டவுன்)

இல்லை தம்பி. மஞ்சள் 5 ரூபாய் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது. ஆற்றுச் சேற்றில் வெகுநாள் கிடந்தால் துத்தநாகம் முதலில் அரித்துப் போகும், மிஞ்சிய செம்பின் நிறம் மேலே வரும். சந்தேகம் தீரவில்லை என்றால் தெரிந்த நகைக்கடையில் எடை பாருங்கள், 2019-க்கு முந்தைய மஞ்சள் நாணயம் என்றால் 6 கிராமை ஒட்டியே இருக்கும். அப்புறம், தயவுசெய்து எந்த நாணயத்தையும் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர் யாரும் விரும்பி வாங்கமாட்டார்.

"என் நாணயத்தின் விளிம்பில் பிறை வடிவில் வெட்டு இருக்கிறது. நாணயச் சாலையிலேயே வந்ததா?" (வள்ளியூர்)

வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அடிப்பதற்கு முன்பே, வெறும் தகட்டிலேயே அந்த வெட்டு இருந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு சரியாக எழும்பாமல் பெரும்பாலும் மங்கியிருக்கும். அங்கே விளிம்பு கூர்மையாக, முழுசாக நின்றால் யாரோ பிறகு அரம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

"பூப்பக்கத்திலும் தலைதான், கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பள்ளமாக இருக்கிறது. விற்பவர் 2,000 ரூபாய் சொல்கிறார், வாங்கலாமா அண்ணாச்சி?" (பாளையங்கோட்டை)

முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டில் அதன் முகம் பதிந்தால் இப்படி வரும். அப்படி வந்திருந்தால் அந்தப் பக்கத்துக்குரிய பூ அங்கே இருக்கவே இருக்காது. நீங்கள் அனுப்பிய படத்தில் நசுங்கிய எண்ணும் எழுத்தும் அடியில் தெரிகின்றன. இரண்டு நாணயத்தைச் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.