கேள்வி பதில்: பெய்லிஃப் என்பவர் யார்?

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதியில் வாடகை பாக்கி வைத்திருந்த ஒரு மளிகைக் கடைக்குப் பெய்லிஃப் வந்து, சாமான்களைப் பட்டியல் எழுதிச் சென்றார். அவர் போலீஸ்காரரா, கடன் வசூலிப்பவரா? அந்தப் பெயர் எப்படி வந்தது?
- வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: அவர் போலீஸ்காரரும் அல்லர், கடன் கொடுத்தவரின் ஆளும் அல்லர், நீதிமன்ற ஊழியர். தமிழ்நாட்டில் ‘அமீனா’ என்று அழைக்கப்படுபவர் செய்யும் வேலையையே இவரும் செய்கிறார். நீதிமன்றத்தின் அழைப்பாணைகளைச் சேர்ப்பிப்பதும், தீர்ப்புத் தொகையைக் கட்டாதவரின் பொருள்களை ஆணைப்படி ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. நீங்கள் கண்டது, பெரும்பாலும் மலேசியாவின் 1951ஆம் ஆண்டு ‘டிஸ்ட்ரஸ்’ (வாடகை பாக்கிக்கான ஜப்தி) சட்டத்தின்படி கட்டட உரிமையாளர் பெற்ற ஆணையாக இருக்கும். அச்சட்டத்தின்கீழ், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களுக்கு மேற்படாத வாடகை பாக்கிக்கே ஜப்தி கோர முடியும்.

பெயரின் வரலாறு சுவையானது. சுமை தூக்குபவரைக் குறித்த ‘பாயுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். தோளில் சுமப்பவர் என்ற பொருள் காலப்போக்கில் பொறுப்பைச் சுமப்பவர், நிர்வகிப்பவர் என்று விரிந்து, பழைய பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்தை அடைந்தது. அங்கே இடைக்காலத்தில் பிரபுவின் பண்ணையை மேற்பார்வையிட்டு, வாடகை வசூலித்து, கணக்கு ஒப்படைத்தவர் பெய்லிஃப் எனப்பட்டார். நம் தோட்டங்களில் கிராணி (தோட்டக் கணக்கர்) வகித்த இடத்தை ஒத்தது அது என்று சொன்னால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டெனப் புரியும். மன்னரின் வட்டார அதிகாரியான ஷெரிஃப்புக்குக் கீழிருந்து ஆணைகளை நிறைவேற்றியவர்களுக்கும் அதே பெயர் வழங்கியது. நம் நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பொருள்தான். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி, குவெர்ன்சி தீவுகளிலோ இன்றும் தலைமை நீதிபதியே பெய்லிஃப். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்தி செய்வோருக்கு ‘அமலாக்க முகவர்’ என்ற புதுப் பெயரைச் சூட்டியும், மக்கள் பேச்சில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தவணை கட்டாத மோட்டார் சைக்கிளை இழுத்துச் செல்ல வருபவர்களையும் நம்மவர்கள் பெய்லிஃப் என்றே எண்ணி அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் நிதி நிறுவனங்களுக்காக வேலை செய்பவர்கள். அவர்களைக் கட்டுப்படுத்துவது 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம். அதன்படி பறிமுதலுக்கு முன் 21 நாள் அறிவிப்பு கொடுக்கப்பட வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே செலுத்திவிட்டவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்றி வண்டியை எடுக்கவே முடியாது. ஆகவே வாசலில் நிற்பவர் யாராயினும் முதலில் அவருடைய அடையாள அட்டையையும் ஆணையையும் கேட்டு, எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண் என்று பாருங்கள். உண்மையான பெய்லிஃப் என்றால் அவரைத் தடுப்பது குற்றமாகும். மறுப்பு இருந்தால் அதை நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும்.