திருப்புளி பதில்கள்: லேப்டாப்பில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பாளையங்கோட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, இந்த வாரம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் 'மதர்போர்டு போயிடுச்சு' என்று சொல்லி, புது லேப்டாப் விலையில் பாதி கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: எல்லாப் பாகங்களும் வந்து சேரும் முக்கியப் பலகைதான் மதர்போர்டு. திறந்து பார்க்காமல் அது போய்விட்டது என்று சொல்ல ஜோசியம்தான் தெரிந்திருக்க வேண்டும் சார். காசு கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே கொஞ்சம் பாருங்கள்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி தனியாகக் கழலும் வகை என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கிவிடும். அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியாகி, என் கடை வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு.

வரவில்லையா, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருந்து வெளிச்சம் கொடுக்கும் பகுதிதான் வேலை செய்யவில்லை. அடுத்து எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் மதர்போர்டைப் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு திரையில் இருக்கும், இல்லை கீல் வழியாகத் திரைக்குப் போகும் கேபிளில் இருக்கும். மூடியைத் திறந்து மூடித் திறந்து அந்தக் கேபிள் கீல் ஓரத்தில் நைந்துபோகும். மூடியை லேசாக அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிள்தான். அதன் விலை திரையின் விலையைவிட மிகக் குறைவு.

டிவியும் இருட்டு என்றால் அடுத்த சந்தேகம் ரேம், அதாவது சொருகிக் கழற்றும் சின்ன நினைவகப் பலகை. அதைக் கழற்றி, பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகச் சொல்லுங்கள். ஆற்றங்கரை ஊர், சாரல் காலத்து ஈரம், பற்களில் கறை பிடிப்பது சகஜம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆன் செய்யும்போது ஏதாவது விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ பீப் சத்தம் வந்தாலோ எத்தனை தடவை என்று குறித்துக்கொள்ளுங்கள். எச்பி, டெல் மாடல்கள் எந்தப் பாகம் மக்கர் என்பதை அப்படித்தான் சொல்லும். எண்ணிக்கைக்கான அர்த்தம் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும்.

திரைதான் என்று முடிவானால், லேப்டாப் மாடலை மட்டும் சொல்லித் திரை வாங்காதீர்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று கம்பெனிகளின் திரை வந்திருக்கும். பழைய திரையின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் 15.6 அங்குலமாக இருந்தாலும், கேபிள் சொருகும் இடத்தில் ஒன்றுக்கு 30 பின் (இணைப்பு முனை), இன்னொன்றுக்கு 40 பின் என்றால் கேபிள் சேராது.

இவ்வளவும் பார்த்த பிறகும் மதர்போர்டுதான் என்றால், முழுசாக மாற்றுவதற்கு முன் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிப்புகளைத் தனித்தனியாகச் சரிசெய்யும் வேலை பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு சின்ன ஐசியை (சிப்பை) மாற்றுவதோடு வேலை முடியலாம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்று முக்கியம். டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி விண்டோஸில் உண்டு. போர்டு மாறினால் விண்டோஸ், பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனிலேயே பார்த்து எழுதி வைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே உள்ள பேரப்பிள்ளை போட்டோ ஒன்றுகூடத் திரும்பாது. கடைக்காரர் இதை உங்களிடம் கேட்காமலே போர்டைக் கழற்றினால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த கவர்மென்ட் லேப்டாப்பை இப்போது நான் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 4 ஜிபி ரேம் வாங்கினேன். உள்ளே போகமாட்டேன் என்கிறது. அழுத்தினால் உட்காருமா?
– கல்லூரி மாணவர், உவரி

பதில்: அழுத்தாதீர்கள் தம்பி, ரேம் சொருகும் ஸ்லாட் உடையும். நீங்கள் வாங்கியது வேறு வகை. லேப்டாப் ரேமில் தலைமுறை உண்டு: டிடிஆர்3 என்றால் 204 பின், டிடிஆர்4 என்றால் 260, டிடிஆர்5 என்றால் 262. ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காரக்கூடாது என்பதற்காகவே ரேமின் பல் வரிசையில் உள்ள வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். விலையில்லா லேப்டாப் திட்டம் 2011இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறியது. அதனால் பக்கத்து வீட்டுப் பையன் போட்ட ரேம் உங்களுக்கும் சேரும் என்று நம்பாதீர்கள்.

பழைய ரேமை உருவி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். டிடிஆர்3இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு உண்டு. 1.35 வோல்ட் வகையில் பெயரோடு 'எல்' என்ற எழுத்து சேர்ந்திருக்கும். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேம் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. 'எல்' வகை பெரும்பாலும் இரண்டிலும் ஓடும், அதையே வாங்குங்கள். திறந்ததுதான் திறந்தீர்கள், உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று யாரையும் விடாது.

கேள்வி: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. பேட்டரி உப்பியிருக்கிறது, ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடலாம் என்று என் கொழுந்தன் சொல்கிறார். செய்யலாமா?
– இல்லத்தரசி, தென்காசி

பதில்: கொழுந்தனாரிடம் இருந்து ஊசியை முதலில் வாங்கி வையுங்கள் அம்மா. லித்தியம் பேட்டரியைக் குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். இன்றைக்கே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, மெத்தை, துணிக்குப் பக்கத்தில் இல்லாமல் வைத்து, கடைக்குக் கொண்டுபோங்கள். டச்பேடை அமுக்கி உள்ளே தள்ளவும் வேண்டாம். புது பேட்டரி போட்டால் டச்பேட் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அதைத் தனியாக மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பழைய பேட்டரி குப்பை வண்டிக்குப் போகக்கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. கடையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: விசைத்தறிக்கூடத்தில் கணக்கு பார்க்கிறேன். பழைய லேப்டாப் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். புதுசு வாங்கவா, எஸ்எஸ்டி போடவா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: சுற்றும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்கில் ஓடும் லேப்டாப் என்றால், அதற்குப் பதிலாகச் சுற்றும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டியைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கொடுத்த காசுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டும் பாகம் வேறு கிடையாது. பழைய மாடலில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா (பழைய இணைப்பு முறை) வகைதான் சேரும். பட்டை போன்ற எஸ்எஸ்டியைச் சொருகும் எம்.2 இடம் இருந்தாலும் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று பார்த்தே வாங்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டிஸ்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். முதலில் கணக்கை நகல் எடுங்கள், மற்றது அப்புறம்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். உங்களுடையது அதற்கும் பழசு, பேங்க் வேலையும் அதில்தான் என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெறும் கணக்கு மட்டும், இணையம் கிடையாது என்றால் தாராளமாகப் போடுங்கள். திறக்கும்போது ஃபேனையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தறிக்கூடத்துப் பஞ்சு அதில் மெத்தை கட்டியிருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பழசாகிவிடுகிறது. வைரஸா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இல்லை தங்கச்சி. உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள், சில மாடலில் அதற்கு வயர் கோத்திருக்கும்.

கேள்வி: என் டெல் லேப்டாப் சார்ஜரில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தது. கடையில் 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் தருகிறார்கள். லேப்டாப் எரிந்துவிடாதா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: எரியாது. வோல்ட் சரியாக இருக்கவேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஆம்பியர் குறைவாக இருந்தால்தான் சார்ஜர் சூடாகித் திணறும். டெல்லில் நீங்கள் பார்க்க வேண்டியது பின்னின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி. சார்ஜர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். டூப்ளிகேட் என்றால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. கடையிலேயே சொருகி, சதவீதம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.