மூன்று தேர்வுக்கும் ஒரே நேரத்தில் படிக்கலாமா?

கேள்வி: ஆத்தூரில் இருந்து தினமும் பஸ்ஸில் சேலம் வந்து பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். கேம்பஸ் இன்டர்வியூ, குரூப் 4, வங்கித் தேர்வு மூன்றுக்கும் தயாராகிறேன். காலை 4.30 மணிக்கு எழுந்து இரவு 12 மணிக்குத்தான் படுக்கிறேன். கொஞ்ச நாளாக மாதிரித் தேர்வில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. புத்தகத்தைத் திறந்தாலே எரிச்சல். சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை. நாலரை மணி நேரம் தூங்கி, மூன்று பாடத்திட்டத்தைச் சுமந்தால் யாருக்கும் மதிப்பெண் இறங்கும். பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். அதை வெட்டிவிட்டுக் கூடுதலாக இரண்டு மணி நேரம் படித்தால், படித்ததும் நிற்காது, அடுத்த நாள் கணக்கிலும் கைத்தவறு கூடும்.

முதலில் இது வெறும் தூக்கக் குறைவா, அதைத் தாண்டிய சோர்வா என்று பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் 8 மணி நேரம் தூங்குங்கள். திங்கட்கிழமை படிக்கும் ஆசை திரும்பினால் உறக்கக் கடன்தான் காரணம். நன்றாகத் தூங்கியும் உடம்பு ஓய்ந்தே இருக்கிறது, படிப்பின் மேல் வெறுப்பு, ‘என்னால் ஆகாது’ என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து நிற்கிறது என்றால் அது முழுச் சோர்வு. அதற்கு லீவு மட்டும் போதாது. சுமையையே குறைக்க வேண்டும். கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதுவும் இதே களைப்பைத்தான் தரும். எந்த டைம்டேபிளும் அதைச் சரிசெய்யாது.

இனி பட்டியல். வங்கித் தேர்வை இப்போதே ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். இறுதி ஆண்டு ரிசல்ட் வரும்வரை உங்களால் விண்ணப்பிக்கவே முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், அதனால் தெரியாததை விட்டுவிடப் பழகுகிறீர்கள். குரூப் 4 நடத்தும் டிஎன்பிஎஸ்சியில் நெகட்டிவ் மார்க் இல்லை, யோசித்து ஊகித்தாவது விடை குறிப்பது லாபம். ஒரே வாரத்தில் இரண்டு பழக்கத்தையும் மாற்றி மாற்றிச் செய்தால் இரண்டுமே கெடும்.

மீதி இரண்டில் கேம்பஸ்தான் இப்போது முதல். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை 60 சதவீதம் கேட்கின்றன, அரியர் இருந்தால் உட்காரவே விடுவதில்லை. ஆகவே செமஸ்டர் பாடமும் வேலைத் தயாரிப்புதான். அதைப் படிக்கும்போது நேரம் வீணாகிறதே என்று குமைய வேண்டாம். கேம்பஸ் ஆப்டிடியூடில் போடும் சதவீதம், விகிதம், வேலை–நேரம் கணக்குகளே குரூப் 4-இன் 25 கணக்குக் கேள்விக்கும் உதவும். அந்தத் தேர்வின் 200 கேள்வியில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் இந்த செமஸ்டரில் குரூப் 4-க்கு என்று தமிழை மட்டும் தொடுங்கள், அதுவும் 6 முதல் 10 வரை உள்ள பள்ளிப் புத்தகங்களை. பொது அறிவு செமஸ்டர் முடிந்தபிறகு.

இரவு 10.30-க்குப் படுத்து 5.30-க்கு எழுந்திருங்கள். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரம் தமிழ், மீதி நேரம் கண்ணை மூடுங்கள். மாலை பஸ்ஸில் எதுவும் வேண்டாம். நின்றுகொண்டே மொபைலில் பிடிஎப் படிப்பது கண்ணையும் கழுத்தையும் வாட்டும், மனசில் ஒன்றும் நிற்காது. வீட்டில் 7.15-லிருந்து 40 நிமிடம், 10 நிமிட இடைவெளி, மறுபடி 40 நிமிடம். வார நாளில் இதற்கு மேல் வேண்டாம். குறைவாகத் தோன்றும்; ஆனால் தூங்கி வழிந்துகொண்டு ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட இதில் போடும் கணக்கு அதிகம். சனிக்கிழமை நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனபிறகும் காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

மாதிரித் தேர்வுதான் பலரை உடைக்கிறது. தினமும் இரவு 10 மணிக்கு ஒன்று எழுதினால் அது உங்கள் களைப்பைத்தான் அளக்கும். வாரத்துக்கு ஒன்று போதும், ஞாயிறு காலை 9.30-க்கு. எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் தவறுகளைப் பார்க்கச் செலவிடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே பாடம் தெரியாது, தெரிந்தும் கைத்தவறு, நேரம் போதவில்லை என மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கைத்தவறு அதிகமென்றால் மேலும் படிப்பது மருந்தில்லை, தூக்கம்தான். நேரம் போதாவிட்டால் எந்தக் கணக்கை விடுவது என்று பழக வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் புத்தகம் மூடியே இருக்கட்டும். தோழிகளோடு ஏற்காடு போகலாம், வீட்டில் படுத்தே கிடக்கலாம்.

டெலிகிராம் குழுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து வெளியேறுங்கள். அடுத்தவர் போடும் மார்க் உங்களுக்கு எந்தக் கணக்கையும் கற்றுத் தராது.

ஒரு நிறுவனத்தில் தேர்வாகாத நாளன்று படிக்க வேண்டாம். மறுநாள் காலை, கேட்ட கேள்விகளையும் எந்தச் சுற்றில் நின்றோம் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களில் ஒரே சுற்றில் நின்றிருந்தால், குழு விவாதமோ ஆப்டிடியூடோ, அடுத்த இரண்டு வாரம் அதற்கு மட்டும். “எப்பம்மா வேலை கிடைக்கும்?” என்று வீட்டில் தினமும் கேட்டால், ஞாயிறு மாலை நானே சொல்கிறேன் என்று அம்மாவிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு பற்றி விசாரியுங்கள். இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள்.