லீவு நாளில் என்ன செய்வது?

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு என் மகள் பள்ளியில் அவர் படத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு சரி. வேறென்ன செய்யலாம்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: நிறைய. ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை லீவுதான், ஆனால் 1994-லேயே அதைச் சேவை நாளாகவும் சட்டம் போட்டு ஆக்கிவிட்டார்கள். முந்தின வாரமே வகுப்பில் பேச்சைத் தொடங்கட்டும். 'எனக்கொரு கனவு உண்டு' என்ற கிங்கின் புகழ்பெற்ற பேச்சையே வருஷா வருஷம் ஓட்டாமல், 1968-ல் மெம்பிஸ் நகரக் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் 'நான் ஒரு மனிதன்' என்று அட்டை பிடித்துப் போராடியதையும், அவர்களுக்குத் துணையாகப் போன ஊரில்தான் கிங் சுடப்பட்டார் என்பதையும் சொல்லிவிட்டு, நம் பள்ளியைக் கூட்டுகிறவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கலாம். அப்புறம் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கியில் டப்பா அடுக்கப் போகட்டும். இங்கே ஏன் இத்தனை பேருக்குப் பசி என்று பேசாமல் அடுக்கினால் அது போட்டோவுக்குத்தான் உதவும். ஆசிரியரிடம் டிசம்பரிலேயே பேசிவிடுங்கள்.