உறுமி அடிச்சா கதவும் சேர்ந்து அடிக்குது

கேள்வி: அண்ணே, பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு தினமும் பாலத்துல போய் வர்றேன், பாட்டு இல்லாம எனக்கு வண்டி ஓடாது. போன மாசம் 350 வெள்ளிக்கு முன் கதவு ரெண்டுலயும் புது ஸ்பீக்கர் போட்டேன், ஆனா பேஸ் (தாழ்ந்த கனமான சத்தம்) ஏறவே இல்ல, உறுமி பாட்டு போட்டா கதவு ஜிர்ர்னு அதிருது. வேற ஸ்பீக்கர் மாத்தவா, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்கவா?
- பிறை வாசகர்

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு, கார்ல கதவுதான் பெட்டி. அந்தக் கதவோட உள்பக்க கவரை கழட்டிப் பாருங்க, உள்தகடு முழுக்க கை நுழையிற அளவு ஓட்டை, அதுக்கு மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட், அவ்வளவுதான். ஸ்பீக்கரோட பின்பக்க சத்தம் அந்த ஓட்டை வழியா வெளிய வந்து முன்பக்க சத்தத்தோட சேரும்போது ஒண்ணை ஒண்ணு தின்னுடுது, முதல்ல அடிபடுறது பேஸ்தான். இதை அடைக்காம ஆம்ப் வச்சா அதிர்வுதான் கூடும்.

வாங்க வேண்டியது அலுமினியம் மூடின பியூட்டைல் மேட், அதாவது தகட்டுல ஒட்டுற ரப்பர் விரிப்பு, 2 மில்லிமீட்டர் கனம் போதும். விலை கம்மின்னு தார் மேட் வாங்கிடாதீங்க, நம்ம வெயில்ல அது இளகி வழியும், காருக்குள்ள தார் வாடை அடிக்கும். தகட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு நல்லா துடைச்சிட்டு ஒட்டுங்க, ரோலரால அழுத்தி உருட்டுங்க. வெளித்தகட்டுல பாதி இடம் ஒட்டினாலே அதிர்வு அடங்கிடும், விரலால தட்டினா டங்னு கேட்டது டொக்னு மாறும், அதுக்கு மேல ஒட்டுறது காசுக்கும் வெயிட்டுக்கும்தான் கேடு. உள்தகடு அப்படி இல்ல, அங்க ஒரு ஓட்டை விடாம அடைக்கணும், பெரிய ஓட்டைக்கு மேட் மட்டும் போட்டா அதுவே தோல் மாதிரி ஆடும், அடியில அலுமினியத் தகடு வச்சு ஒட்டுங்க. சில கார்ல கதவுக்குள்ள ஏர்பேக் சென்சார் இருக்கு, அப்படி இருந்தா காத்தழுத்தத்தை வச்சு வேலை செய்ற வகையான்னு போமன்கிட்ட (மெக்கானிக்) கேட்டுட்டு கை வைங்க.

இப்ப சொல்றதை மட்டும் மறந்துடாதீங்க. கண்ணாடி ரப்பர் எவ்வளவு நல்லா இருந்தாலும் மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், அது வெளிய போறதுக்குத்தான் கதவோட அடி ஓரத்துல சின்னச் சின்ன ஓட்டை, அதை மட்டும் அடைச்சிடாதீங்க. என் பழைய கார்ல ஒரு கடைக்காரர் அதையும் சேர்த்து ஒட்டிட்டார், மழைக்காலத்துல பிரேக் பிடிச்சா கதவுக்குள்ள களக்களக்னு தண்ணி ஆடும், கழட்டிப் பாத்தப்போ அடி ஓரத்தை துரு தின்னிருந்துச்சு, இன்னும் எனக்கு மனசு ஆறல. கவரை மூடுறதுக்கு முன்னாடி கண்ணாடியை நாலு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க, லாக் கம்பியும் எங்கயும் உரசக்கூடாது.

கடைசியா ஸ்பீக்கரைச் சுத்தி ஃபோம் வளையம் ஒண்ணு வைங்க, தண்ணி குடிக்கிற ஸ்பாஞ்ச் வேணாம். கதவு கவரைப் பிடிச்சிருக்கிற கிளிப் உடைஞ்சிருந்தா மாத்திடுங்க, பாதி ஜிர்ர் சத்தம் அங்கிருந்துதான் வரும். எல்லாம் முடிஞ்சதும் அதே உறுமி பாட்டைப் போடுங்க, வளைஞ்ச குச்சியை தோல்ல தேய்க்கும்போது வருமே ஒரு ஊம்ம், அது கதவுல ஒட்டிக்காம தனியா எழுந்து வரணும்.

கேள்வி: நாலு கதவுக்கும் மேட் ஒட்டினா ஃபெடரல் ஹைவேல டயர் இரைச்சல் நின்னுடுமா?
- செந்தூல் வாசகி

பதில்: நிக்காதும்மா. டயர் சத்தம் பெரும்பாலும் தரை வழியாவும் சக்கரத்துக்கு மேல உள்ள வளைவு வழியாவும்தான் ஏறுது. முதல்ல டயர் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க, காத்து அளவையும் பாருங்க, கதவு ரப்பர் காய்ஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. மேட் அப்புறம்.