தின்றும் இளைக்கும் பூனை: தைராய்டு குறித்துக் கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் பூனை வளர்க்கும் அன்பர்கள் சிலர், வயதான பூனைகள் காரணமின்றி இளைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் அன்பர்: எங்கள் பூனைக்குப் பதின்மூன்று வயது. முன்பைவிட இரண்டு மடங்கு தின்கிறது, ஆனாலும் முதுகெலும்பு தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு வளவில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. பசி குறைந்து இளைப்பது வேறு, வயிறாரத் தின்றுகொண்டே இளைப்பது வேறு. இரண்டாவதை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பத்து வயதைக் கடந்த பூனைக்கு இப்படி நேர்ந்தால் நான் முதலில் ஐயப்படுவது, கழுத்தில் மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பியைத்தான். அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதால் பூனைகளுக்கு வரும் இந்த நோய் 1979ஆம் ஆண்டில்தான் மருத்துவ இதழ்களில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று முதிய பூனைகளின் சுரப்பி நோய்களில் மிகப் பரவலானவற்றுள் ஒன்றாக அறியப்படுகிறது. சுரப்பியில் சிறு கட்டிகள் வளர்ந்து, மூளையின் கட்டளைக்கு அடங்காமல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டதுபோல உடல் தின்றதையும் எரித்து, சதையையும் எரிக்கிறது. கட்டி என்றதும் அஞ்ச வேண்டாம். நூற்றில் இரண்டு மூன்று பூனைகளுக்கு மட்டுமே அது புற்றாக இருக்கும்.

தண்ணீர் அதிகம் குடிப்பது, அடிக்கடி வாந்தி, கழிச்சல், நக்கிச் சீவாமல் திரிதிரியாகும் மயிர், நிலைகொள்ளாமை, நீங்கள் சொன்ன இரவுக் கத்தல் ஆகிய எல்லாம் இதன் அடையாளங்கள். பூனையை மடியில் வைத்துத் தலையை மெல்ல நிமிர்த்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மூச்சுக்குழாயின் இரு புறமும் வைத்து, தொண்டையிலிருந்து மார்பை நோக்கி அழுத்தாமல் வழித்துப் பாருங்கள். சுண்டைக்காய்போல ஒன்று விரலுக்கடியில் வழுக்கி நகர்ந்தால், அது பெரும்பாலும் வீங்கிய சுரப்பிதான். தட்டுப்படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து இதயத் துடிப்பைப் பதினைந்து நொடி எண்ணுங்கள்; அறுபதுக்கு மேல் வந்தால் நிமிடத்துக்கு 240ஐத் தாண்டுகிறது என்று பொருள். அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு அது மிக அதிகம்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: எனக்கும் தைராய்டுதான், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன். அதில் கால் பங்கைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

ஆச்சி, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றோடு நிறுத்தி, பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் வீடுகளில் பெண்களுக்குப் பரவலாக வருவது சுரப்பு குறையும் நோய். உடல் பருக்கும், சோர்வு தட்டும், அதற்கு லெவோதைராக்சின் மாத்திரை. பூனைக்கு வருவது நேர் எதிரானது. சுரப்பு மிகுந்து உடல் கரைகிறது. உங்கள் மாத்திரை பூனைக்கு எரிகிற தீயில் எண்ணெய். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று நம்பி அன்போடு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூனைகளின் இதயம் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். ஆகவேதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆத்தங்குடி அன்பர்: ஒன்றரை வயதுப் பூனை இளைக்கிறது. இதுவும் தைராய்டா?

அந்த வயதில் அநேகமாக இருக்காது. முதலில் குடற்புழுவைப் பாருங்கள், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

காரைக்குடி அன்பர்: இரத்தப் பரிசோதனையில் டி4 (தைராய்டு ஹார்மோன்) அளவு 3.6 என்று வந்தது. இயல்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். நிம்மதி அடையலாமா?

முழுதாக இல்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை மாறினாலும், பூனைக்கு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 4 மைக்ரோகிராம் வரை இயல்பு என்பார்கள். உங்கள் தாளில் உள்ள எல்லை பூனைக்குரியதுதானா என்று முதலில் பாருங்கள்; மனிதருக்கான எல்லையையே அச்சிட்டுக் கொடுக்கும் ஆய்வகங்களும் உண்டு. வயதான, இளைத்த பூனைக்கு 3.6 என்பது ஐயத்துக்குரிய இடம். நோயின் தொடக்கத்தில் இந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும்; உடலில் வேறு நோய் இருந்தால் அதுவே டி4ஐ அமுக்கிக் காட்டும். இரண்டு நான்கு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதும், கட்டற்ற டி4 (இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் ஹார்மோன்) பரிசோதனையைச் சேர்த்துச் செய்வதும் நல்லது. கூடவே சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் நீரிழிவு கண்ட பூனையும் நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும்.

பள்ளத்தூர் அன்பர்: நோய் உறுதியாகிவிட்டது. மாத்திரை வாழ்நாள் முழுவதுமா? சிறுநீரகம் கெடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, சுரப்பைத்தான் தடுக்கிறது. ஆகவே நிறுத்தினால் நோய் திரும்பும். நிரந்தரமாகத் தீர்ப்பவை கதிரியக்க அயோடின் ஊசியும் அறுவை சிகிச்சையும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அயோடின் சிகிச்சைக்கென்றே பூனை மருத்துவமனைகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் கைக்கெட்டுவது மாத்திரைதான். மெதிமசோல், அல்லது உடலுக்குள் மெதிமசோலாக மாறும் கார்பிமசோல். மெதிமசோலை வழக்கமாக ஒரு வேளைக்கு 1.25 முதல் 2.5 மில்லிகிராம் வரை, நாளுக்கு இரு வேளை என்று தொடங்குவார்கள். உங்கள் பூனைக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையை வெறும் கையால் தொட வேண்டாம்.

சிறுநீரகம் பற்றிய பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சுரப்பு மிகுந்திருக்கும்போது சிறுநீரகத்தினூடே இரத்தம் வேகமாகப் பாய்வதால், ஏற்கெனவே இருக்கும் பழுது மறைந்துகிடக்கும். சதை கரைந்திருப்பதால், சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவும் குறைத்தே காட்டும். மருந்து வேலை செய்து வேகம் தணிந்ததும் அந்தப் பழுது வெளியே வருகிறது. மருந்து அதை உண்டாக்குவதில்லை. மருந்து தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் டி4, சிறுநீரகம், இரத்த அணுக்கள் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் பூனை முகத்தைப் புண்ணாகும்படி சொறிந்தாலோ, உணவை வெறுத்து வாந்தி எடுத்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கோட்டையூர் அன்பர்: எங்கள் பூனை நேற்றுவரை பட்டாலைத் தூண்களுக்கிடையே ஓடியது. இன்று சுவரில் முட்டுகிறது, கண்மணி விரிந்தபடியே நிற்கிறது.

இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை விலகியிருக்கலாம். தைராய்டு, சிறுநீரக நோய் இரண்டுமே இதைச் செய்யும். அழுத்தத்தைக் குறைக்க அம்லோடிபின் தருவார்கள். ஓரிரு நாளுக்குள் தொடங்கினால் பார்வை ஓரளவு திரும்ப வாய்ப்பு உண்டு.

புதுவயல் அன்பர்: கருவாட்டையும் உப்பையும் நிறுத்தினால் போதுமா?

போதாது. அயோடின் மிகக் குறைந்த தனி உணவு ஒன்று உண்டு. அதை மட்டுமே, வேறொரு வாய் இல்லாமல் தந்தால்தான் பலன். அடுத்த வீட்டு மீன் தலைக்குச் சுவர் தாண்டும் நம்மூர்ப் பூனையிடம் அது நடக்காது. கருவாட்டு உப்பு நல்லதில்லை என்பதால் அதை நிறுத்துங்கள். வேகவைத்த கோழி, முட்டை, மீன் என்று புரதம் குறையாமல் கொடுங்கள். மாதம் ஒருமுறை மளிகைக் கடை மின் தராசில், ஒரு கூடையோடு வைத்து எடை பார்த்து, கூடையின் எடையைக் கழித்துக் காலண்டரில் எழுதி வாருங்கள். நான்கு கிலோப் பூனை நானூறு கிராம் இழப்பது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். அந்த எண்ணைக் கண்டால் அடுத்த மாதம்வரை பொறுக்காமல் இரத்தம் எடுத்துப் பாருங்கள்.