பென்டிரைவ் கேரல் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் பாளையங்கோட்டைல இருக்கேன், அரசு ஆபீஸ்ல கிளார்க். நீங்க மார்கழி கச்சேரிகளப் பத்தி எழுதறதை விடாம படிக்கிறவன். இந்த டிசம்பர்ல லீவு போட்டு பொண்ணைக் கூட்டிட்டு சென்னைக்கு வந்து நாலஞ்சு கச்சேரி கேக்கலாம்னு ஆசை. எங்களுக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாது, சர்ச் கொயர்ல பாடின பழக்கம்தான். எந்த சபாவுக்குப் போகலாம், டிக்கெட் எப்படி, ஒண்ணும் தெரியாதவங்க போய் உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களா? எங்க ஊர்ல இந்த மாதிரி எதுவும் கிடையாது. கிறிஸ்மஸ் சமயத்துல வீடு வீடாப் போய்ப் பாடற கேரல் ரவுண்ட்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, அதுலயும் இப்ப பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல. போன வருஷம் எங்க கமிட்டில புது ஸ்பீக்கர் வாங்கி, பென்டிரைவ்ல பாட்டு போட்டு வேன்லயே எல்லாத் தெருவும் சுத்தி வந்துட்டோம். சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. பொண்ணு மட்டும் ஏம்ப்பா நாம பாடலன்னு கேட்டுட்டே வந்தா.

அன்புடன்,
ஒரு வாசகர்

தம்பி,

டிக்கெட் விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். பெரிய சபாக்கள்ல சாயங்காலம் நடக்குற மெயின் கச்சேரிக்குத்தான் டிக்கெட், மத்தியானக் கச்சேரி நிறைய இடத்துல இலவசம். வாசல்ல யாரும் பரீட்சை வைக்க மாட்டாங்க, நேரா போய் முன்வரிசைல உக்காருங்க. ராகத்துக்குப் பேர் தெரியலன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

எனக்கு மனசு ஆறாதது கடைசில போற போக்குல எழுதிருக்கீங்களே, அந்த பென்டிரைவ். ரெண்டு மூணு வாரமா நான் இதையேதான் நெனச்சிட்டிருந்தேன், ஏன்னா இங்க பக்கத்துல ஒரு கோயிலுக்கு சாயரட்சைக்குப் போயிருந்தேன், தீபாராதனை நேரம், ஒருத்தர் போய் சுவத்துல ஸ்விட்ச்சத் தட்டினாரு, இரும்பு ஸ்டாண்டுல மாட்டின மோட்டார் சுத்த ஆரம்பிச்சுது, ரெண்டு குச்சி மேளத்த அடிக்குது, மணி ஆடுது, ஜால்ரா மோதுது. தீபம் மேல ஏறினாலும் அதே வேகம், கீழ இறங்கினாலும் அதே வேகம், கற்பூரம் தணிஞ்சு எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டு நகர்ந்தப்பறமும் யாரோ ஞாபகம் வந்து நிறுத்துற வரைக்கும் அது பாட்டுக்கு அடிச்சிட்டே இருக்கு. நாகஸ்வரக்காரங்க உக்கார்ற மேடைல தண்ணி கேன் அடுக்கி வச்சிருந்தாங்க. அந்த மேடைல உக்காந்து வாசிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்க இப்ப என்ன வேலை பாக்குறாங்களோன்னு நெனச்சிட்டே வீட்டுக்கு வந்தேன். வந்து பாத்தா மெயில்ல உங்க கடிதம்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். எங்க வீட்ல யாரும் சர்ச்சுக்குப் போறவங்க இல்ல, ஆனா தெருவுல பாதி வீடு சிஎஸ்ஐ கிறிஸ்தவங்க. டிசம்பர் 20 தாண்டினா ராத்திரில கேரல் வந்திடும், இந்து வீடுன்னு எங்க வீட்டத் தாண்டிப் போக மாட்டாங்க, அம்மாவும் சுக்கு காப்பி போட்டு முந்திரிக்கொத்து எடுத்து வச்சிட்டுத் தூங்காம உக்காந்திருப்பா. ஹார்மோனியத்த துண்டால தோள்ல கட்டித் தொங்கவிட்டு நடந்துட்டே வாசிக்கிறவர் பகல்ல டெய்லர், எங்க ஸ்கூல் யூனிஃபார்ம் அவர் தச்சதுதான். ஒரு வருஷம் எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு டீச்சர் வீட்ல அவங்க வீட்டுக்காரர் நவம்பர்ல இறந்துட்டாரு. கேரல் அந்த வீட்டு கேட்டுக்கு வந்தப்ப டெய்லர் ஒண்ணும் சொல்லல, திரும்பிப் பாத்தாரு அவ்ளோதான், டிரம்காரர் தோல் மேல உள்ளங்கைய வச்சு சத்தத்த அமுக்கிட்டாரு. குதிச்சிட்டு வந்த பசங்க நின்னாச்சு. சுருதிய ஒரு கட்டை இறக்கி, வேகத்தப் பாதியாக்கி, பழைய கீர்த்தனை ஒண்ண ஆரம்பிச்சாரு. டீச்சர் கதவத் திறந்தாங்க, கிரில் கேட்டத் திறக்கல, கம்பியப் பிடிச்சிட்டு நின்னாங்க. ரெண்டாவது சரணத்துல அவங்க குரல் சேர்ந்துச்சு, தடுமாறித் தடுமாறி. அவங்களுக்கு மூச்சு முட்டுற இடத்துலல்லாம் டெய்லர் துருத்திய நிறுத்தி வச்சுக் காத்திருந்தாரு, அவங்க அடுத்த வார்த்தைய எடுத்தப்பறம்தான் விரல் நகரும். எனக்கு அப்ப பத்து பன்னெண்டு வயசு இருக்கும், எங்க வாசல்லேந்து பாத்துட்டே நின்னேன், பக்கவாத்தியம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அங்கதான்.

போன வருஷம் உங்க தெருவுல துக்க வீடே இல்லையா தம்பி? உங்க வேன் அந்த வாசல்ல வேகத்தக் குறைச்சுதா?

பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு எழுதுறீங்க, இதப் படிச்சப்ப எனக்குக் கோவமே வந்துடுச்சு. ஸ்பீக்கர் வாங்கினது பசங்களா? கமிட்டில உக்காந்து கை தூக்கினது யாரு? ஏன் நாம பாடலன்னு கேட்டது உங்க வீட்டுப் பொண்ணு, அவளும் பசங்கள்ல ஒருத்திதானே, அவளுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு கடிதத்துல இல்லவே இல்ல. பெரியவங்களுக்கு ராத்திரி நடக்க முடியல, பிராக்டிஸுக்கு வரச் சலிப்பு, ஹார்மோனியக்காரருக்குக் காசு குடுக்க யோசனை. இதுல எது காரணம்னு உங்களுக்குத் தெரியும். பழிய மட்டும் சின்னவங்க தலைல போடாதீங்க. ட்ராக் போட்டா யாரும் கூடப் பாட மாட்டாங்க, அது ஸ்டுடியோல பாடினவரோட சுருதில நிக்குது, குழந்தைக்கு எட்டாது, பாட்டிக்கு மூச்சு பத்தாது, நாலு வரி முயற்சி பண்ணிட்டு வாய மூடிப்பாங்க. மூடின வாயப் பாத்து இன்ட்ரஸ்ட் இல்லன்னு முடிவு பண்றோம்.

அப்பறம் எங்க ஊர்ல எதுவும் கிடையாதுன்னு ஒரு வரி. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774ல திருநெல்வேலில பொறந்தவர், தஞ்சாவூர்ல ஸ்வார்ட்ஸ்ங்கற மிஷனரி கிட்ட, பின்னாடி ராஜாவான ரெண்டாம் சரபோஜி கூடப் படிச்சு, பெத்லகேம் குறவஞ்சி எழுதினவர். குறவஞ்சிங்கற நம்ம ஊர் ஆட்டப்பாட்டு வடிவத்துலயே கிறிஸ்துவப் பத்திச் சொன்னார், நீங்க கொயர்ல பாடின கீர்த்தனைகளுக்குப் பின்னாடி அவர் இருக்கார். ஆபிரகாம் பண்டிதருக்கு தென்காசி பக்கம் சாம்பவர் வடகரை, தொழில் சித்த வைத்தியம், 1912லேந்து தஞ்சாவூர்ல தன் செலவுல இசை மாநாடு கூட்டி வித்வான்கள உக்கார வச்சுப் பேச விட்டவர், 1917ல கருணாமிர்த சாகரம்ங்கற இசை நூல் போட்டவர். நீங்க டிக்கெட் கேக்குறீங்களே சென்னை சபாக்கள், அதுல பெரிய பேரான மியூசிக் அகாடமியே 1928லதான் வருது. உங்க மண்ணுலேந்து போன ஆளுங்க இதெல்லாம் பண்ணிருக்காங்க, நீங்க என்னடான்னா சென்னைலதான் எல்லாம் இருக்குன்னு கை கட்டி நிக்கிறீங்க.

சென்னை சீசனுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு, அத யாரும் டிக்கெட் போட்டு விக்கல. மயிலாப்பூர்ல, கீர்த்தனைகள் எழுதின பாபநாசம் சிவன் அந்தக் காலத்துல மார்கழி விடியக்காலைல கபாலீஸ்வரர் கோயில் நாலு மாட வீதிலயும் பாடிட்டே நடப்பார், கூட்டம் பின்னாடியே பாடும், இன்னைக்கும் அந்த வீதிகள்ல பஜனை கோஷ்டி போகுது. அதே நேரத்துல எத்தனையோ கோயில்ல கூம்பு ஸ்பீக்கர்ல ரெக்கார்டு திருப்பாவை அலறுது, கீழ பாடறதுக்கு ஒரு ஆள் கிடையாது. முப்பது பாசுரத்துல ஒண்ணே ஒண்ண நாலு பேர் சேர்ந்து சுருதி விலகிப் பாடினாக்கூட அந்தத் தெரு அன்னைக்கு எழுந்துருச்சுன்னு நான் நம்புவேன்.

வாத்தியக்காரங்க நிறைய வேணுமேன்னு சொல்லுவீங்க. 'சைலன்ட் நைட்'ங்கற கேரல் பாட்ட முதல்ல பாடினது 1818 கிறிஸ்மஸ் ஈவ் அன்னைக்கு, ஆஸ்திரியால ஓபர்ன்டோர்ஃப்ங்கற சின்ன ஊர் சர்ச்சுல. பாட்ட எழுதின பாதிரியார் ஜோசப் மோர் கையில கிதார், மெட்டு போட்ட குரூபரும் அவருமா ரெண்டு பேர் பாட, கொயர் கூட சேர்ந்துச்சு, முடிஞ்சுது. உங்க ஊர்ல ரெண்டு பேர் கிடைக்க மாட்டாங்களா?

சென்னைக்கு வந்தா இத மட்டும் பாருங்க, வேற எதுவும் தெரிய வேண்டாம். மிருதங்கக்காரர் இடது பக்கம் தொப்பிங்கற தோல்ல ஈர ரவைய ஒட்டி, வலது பக்கம் கல்லால தட்டித் தட்டி பாடறவங்க சுருதிக்குக் கொண்டு வருவார், அதுக்காக ஆரம்பம் முன்னாடியே போயிடுங்க. அப்பறம் தாளம் இல்லாம ராகத்த மட்டும் விரிச்சுப் பாடற ஆலாபனைல வயலின்காரர் முகத்தப் பாருங்க. பாடறவங்க ஒரு பிடி பிடிச்சா இவர் அரை அடி பின்னாடியே வருவார், அவங்க எங்க போகப் போறாங்கன்னு இவருக்கும் தெரியாது, அவங்க நிறுத்தினா அந்தக் கடைசி ஸ்வரத்த இழுத்து வச்சுத் தாங்குவார், அவங்க தொண்டை கட்டி மேல போகத் தயங்கினா இவர் சத்தத்தக் குறைச்சுப்பார். எங்க ஊர் டெய்லர் அன்னைக்கு ராத்திரி பண்ணினதும் இதேதான். அகாடமி மேடைக்கு ஒண்ணு, தெருவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சங்கீதம் இருக்கறதா நான் ஒருநாளும் ஒத்துக்க மாட்டேன். மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு ஓடுறவங்க கூட நீங்களும் எழுந்து போனீங்கன்னு தெரிஞ்சுது, அப்பறம் எனக்கு லெட்டரே போடாதீங்க.

இப்ப செய்ய வேண்டியத செய்ங்க. உங்க சர்ச்ல பழைய ஹார்மோனியம் ஒண்ணு பீரோ மேல துணி மூடிக் கிடக்கும், எடுத்து துருத்தில ஓட்டை இருக்கா, ரீடு கத்துதான்னு பாத்து ரிப்பேருக்குக் குடுங்க. வாசிக்கிறவர் இன்னும் இருந்தா வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்க, போன்ல வேண்டாம், கையில ஒரு தொகையோட போங்க, சும்மா வந்து வாசிங்கன்னு கேக்காதீங்க. நவம்பர் நடுவுல பிராக்டிஸ் ஆரம்பிச்சா போதும். எல்லாத் தெருவும் முடியலன்னா மூணு தெரு போங்க, நடந்து போங்க. சுருதிய உங்க பொண்ணு குரலுக்கு வைக்கச் சொல்லுங்க, முதல் வரிய அவ எடுக்கட்டும், அவ கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

அதெல்லாம் முடிச்சு 26ம் தேதி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுங்க. அகாடமி சீசன் ஜனவரி 1 வரைக்கும் போகும், மத்த சபாக்கள்லயும் கச்சேரி இருக்கும், ஒண்ணும் தவறிடாது. ரயில் டிக்கெட்ட மட்டும் இப்பவே போட்டுடுங்க, அந்த வாரத்துல வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா